திருப்பிப் போட்ட பலகை

அந்தப் படகு தண்ணீரில் இல்லை. கடற்கரைச் சாலைக்குப் பின்னால், ஒரு தகரக் கொட்டகைக்குள், இரும்புத் தாங்கிகளின் மேல் சீக்கு வந்த மாடு மாதிரி கிடந்தது. சிறிய பாய்மரப் படகு. பாய்மரத்தைக் கழற்றிச் சுவரோரம் கிடத்தியிருந்தார்கள். கொட்டகைக்குள் பழைய கயிறும் எலிப் புழுக்கையும் கலந்த வாடை.

காலையில் நானும் ஆப்பும் போய்ச் சேர்ந்தபோது படகுக்காரம்மா பூட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். பக்கத்து வீடு அவருடையதுதான். ஆப்பு என் மனைவியின் தம்பி. நான் தச்சு வேலை, அவன் வார்னிஷ் வேலை. எந்த இடுக்கிலும் நுழைந்துவிடும் சிறிய உடம்பு என்பதால் பட்டறையில் வைத்த பெயர். பிள்ளை பெற்று, காதோரம் நரைத்த பிறகும் அந்தப் பெயர் அவனை விடவில்லை.

"உள்ள இருக்கிற தரைப் பலகை எல்லாத்தையும் மாத்திடுங்க," என்றார் அந்தம்மா. "பழசுல ஒண்ணுகூட உள்ள இருக்கக் கூடாது. என் மக இதைக் கடல்ல இறக்கியே ஆகணும்னு ஒத்தைக் கால்ல நிக்கிறா."

"பார்த்துட்டுச் சொல்றோம்மா. நல்லா இருந்தா இழைச்சே..."

"மாத்திடுங்க."

அவ்வளவுதான். ஏணியில் ஒரு படிகூட ஏறாமல் வீட்டுக்குப் போய்விட்டார்.

கேபினின் மேல்மூடியைத் தள்ளிவிட்டு உள்ளே இறங்கினோம். இரண்டு பக்கமும் ஒடுங்கிய கட்டில், நடுவில் ஒரு ஆள் நடக்கிற அளவுக்குத் தரை, பக்கத்துக்கு ஒரு சிறிய கண்ணாடி ஜன்னல். நான் கழுத்தை மடக்கிக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஆப்பு நிமிர்ந்து நின்றான்.

"எனக்குன்னே அளவெடுத்துக் கட்டியிருக்காங்க மாமா. உங்கள மாதிரி பனைமரமெல்லாம் வெளிய நில்லுங்க."

"நின்னா வேலையை யாரு பார்க்கிறது? உங்கக்காளா?"

படகின் தரைப் பலகைக்கு ஆணி கிடையாது. தண்ணீர் புகுந்தால் தூக்கி இறைக்க வேண்டும் என்பதால், விரல் விட ஓட்டை போட்டு, சும்மா படுக்கவைத்திருப்பார்கள். ஓட்டையில் விரலைக் கொடுத்துத் தூக்கினேன். நடுப்பலகை சுலபமாக வந்தது. அடியில் படகின் வயிற்றுக்குழி. பல வருடம் காய்ந்த இடம். ஆனாலும் உள்ளிருந்து வந்த காற்றில் ஈரமும் பாசியும் மணத்தன.

பலகையின் மேல்புறம் கறுத்து, எண்ணெய் ஏறி, ஓட்டையைச் சுற்றி வெடித்திருந்தது. திருப்பினேன்.

கணு இல்லாத தேக்கு. அதைத் தூக்கி எறிய எந்தத் தச்சனுக்கும் கை வராது. அடிப்புறத்தில் வெடிப்பு இல்லை, கறுப்பு இல்லை. வார்னிஷ் மட்டும் ஒரு இடத்தில் தேய்ந்து போயிருந்தது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தேய்மானம். நம் வீட்டு வாசற்படி நடுவில் தேய்ந்திருக்குமே, அந்த மாதிரி, வழுவழுவென்று.

"மாமா, இது அடிப்பக்கம்தானே?"

"ஆமா."

"இங்க யாரு வந்து நின்னா? எலி ரெண்டும் கல்யாணம் பண்ணி ஆடுச்சா?"

பலகையைத் தாங்கும் சட்டங்களில் உரசியிருக்கும் என்றேன். சட்டம் உரசினால் குறுக்கே நீளக் கோடாக விழும் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அதைத்தான் சொன்னேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. மேல்புறம் போய்விட்ட பலகையைத் திருப்பிப் போட்டுவிடுவோம். படகில் இது இன்னும் சுலபம். நடுப்பலகை திரும்பினால் அதே இடத்தில் உட்காரும். இடப்பலகையைத் திருப்பினால் வலப்பக்கத்துக்குப் பொருந்தும், வலப்பலகை இடப்பக்கத்துக்கு. அந்தம்மாவுக்கு மரத்தைப் பற்றித் தெரியாது, புதிது மாதிரி பளபளத்தால் போதும் என்று நினைத்தோம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடியை மேலாக்கி, பலகைகளைப் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தன.

ஆப்பு முனையிலிருந்து ஆரம்பித்துப் பின்னாலேயே நகர்ந்து வந்து, ஏணிவரை வார்னிஷ் அடித்து வெளியே ஏறினான். கொட்டகையைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போனோம்.

திரும்பி வந்து முதலில் எட்டிப் பார்த்தது அவன்தான்.

"மாமா, ஈரத்துல எதுக்கு காலை வச்சீங்க?"

"நான் எங்கடா ஏறினேன்? உன் எதிர்லதானே உட்கார்ந்து தின்னேன்."

குனிந்து பார்த்தேன். நடுப்பலகையில் இரண்டு பாதங்கள். வெறுங்கால். ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தன. பக்கத்துப் பக்கத்தில், அந்தத் தேய்மானம் இருந்த அதே இடத்தில்.

அங்கே போன தடம் இல்லை. அங்கிருந்து வந்த தடமும் இல்லை.

ஆப்பு செருப்பைக் கழற்றிவிட்டு, ஏணியில் நின்றபடியே தன் பாதத்தைத் தூக்கிக் காட்டினான். தடத்தில் பாதிகூட இல்லை. என் பாதமும் அதற்குச் சிறியது.

"வார்னிஷ் வாடைக்கு நமக்குத்தான் தலை சுத்துதுன்னு பார்த்தா, பேய்க்கும் சுத்துது போல," என்று சிரித்தான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அந்தத் தடத்தைத் தேய்த்து எடுத்தோம்.

மறுநாள் இரண்டாவது பூச்சு. நான் வெளியே நின்று மேல்மூடிக்குப் புது விளிம்பு இழைத்துக்கொண்டிருந்தேன். ஆப்பு உள்ளே இருந்தான். பிரஷ் போகிற சத்தமும் அவன் முனகுகிற பாட்டும் மாறி மாறிக் கேட்டன. வெயில் தகரத்தில் அடித்துக் கொட்டகை முழுவதும் வெளிச்சமாக இருந்தது.

"மாமா, மேல எதுக்குத் தட்டுறீங்க?"

"நான் தட்டலை."

"அப்போ கேபின் கூரையைத் தட்டுறது யாரு?"

இழைப்புளியை நிறுத்திக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. தகரம் வெயிலில் விரியும் சத்தமாக இருக்கும் என்றேன். அவன் மறுபடி பாட ஆரம்பித்தான்.

டர்பன்டைன் தீர்ந்திருந்தது. கொட்டகைக்குப் பின்னால் வைத்திருந்த டப்பாவை எடுக்கப் போனேன். போய்வர அதிக நேரம் ஆகவில்லை.

பாட்டு நின்றிருந்தது.

மேல்மூடி சாத்தியிருந்தது.

நான் சாத்தவில்லை. வார்னிஷ் அடிக்கும்போது யாரும் சாத்த மாட்டார்கள். உள்ளே இருப்பவனுக்கு மூச்சு முட்டிவிடும்.

"ஆப்பு."

ஏணியில் ஏறி மூடியைப் பிடித்து இழுத்தேன். காலையில் ஒரு விரலால் நகர்ந்த மூடி. இப்போது சிமெண்ட் போட்டு அடைத்த மாதிரி இருந்தது.

உள்ளிருந்து தட்டினார்கள்.

ஓங்கி அல்ல. களைத்துப்போன கை தட்டுகிற மாதிரி. விட்டு விட்டு.

இறங்கி ஓடிப் பக்க ஜன்னலில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஆப்பின் கழுத்தும் தாடையும்தான் தெரிந்தன. அவன் முகத்தை அண்ணாந்து, கேபின் கூரையில் வாயை ஒட்டி வைத்திருந்தான். மூக்கும் வாயும் கூரைப் பலகையில் அழுந்தியிருந்தன. கழுத்துவரை தண்ணீரில் நிற்கிறவன், மிச்சம் இருக்கும் கொஞ்சக் காற்றுக்கு வாயை நீட்டுவானே, அப்படி.

உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

சுத்தியலை எடுத்துக்கொண்டு மேலே ஏறி, மூடியை அடித்துப் பிளந்தேன். எத்தனை அடி அடித்தேன் என்று தெரியாது. கடைசியில் அது உடைந்தபோது உள்ளிருந்து குளிர்ந்த காற்று வெளியே வந்தது. பாசி வாடை. கையை விட்டு அவன் சட்டையைப் பிடித்து இழுத்துப் போட்டேன். பலகை மாதிரி விறைத்திருந்தான். கீழே இறக்கிச் சிமெண்ட் தரையில் ஒருக்களித்துக் கிடத்தி முதுகில் அறைந்தேன்.

வாந்தி எடுத்தான். தண்ணீர். இன்னும் தண்ணீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன்.

உப்பு.

சுத்தியல் சத்தம் கேட்டுப் படகுக்காரம்மா வந்துவிட்டார். ஆப்பைப் பார்த்தார், உடைந்த மூடியைப் பார்த்தார். என்ன நடந்தது என்று அவர் கேட்கவே இல்லை.

"பலகையை மாத்துனீங்களா, திருப்பிப் போட்டீங்களா?"

திருப்பித்தான் போட்டோம் என்றேன். அவர் அங்கேயே ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தான் காரணத்தைச் சொல்லாம விட்டுட்டேன். சொன்னா வேலைக்கு வர மாட்டீங்கன்னு பயம்." சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே பேசினார். "இது எங்க அண்ணன் படகு. காத்துல கவுந்துபோச்சு. அவர் உள்ள மாட்டிக்கிட்டார். கவுந்த படகுக்குள்ள கொஞ்சம் காத்து நிக்குமாமே. அப்படியே கரையோரம் இழுத்துட்டு வந்தாங்க. நான் படகோட அடியில காதை வச்சுக் கேட்டேன். பேசுனார்."

"என்ன சொன்னாரு?"

"தரைப் பலகையெல்லாம் கழண்டு விழுந்துருச்சு, அதைக் குறுக்க முட்டுக்கொடுத்து மேல ஏறி நிக்கிறேன், பயப்படாதேன்னார். ஓட்டை போட்டா காத்து வெளிய போய் முழுகிடும்னு, தூக்குற வண்டிக்குக் காத்திருந்தாங்க. அதுவரைக்கும் தட்டிட்டே இருந்தார். வண்டி வர்றதுக்குள்ள சத்தம் நின்னுபோச்சு." சுற்றிய முந்தானையை அவிழ்த்துவிட்டு, "பலகை முட்டுக்கொடுத்தபடியே இருந்துச்சு. அடிப்பக்கம் மேல. அப்புறம் யாரோ அதைக் கழுவி, பழையபடி போட்டுட்டாங்க. அதுக்கப்புறம் இந்தப் படகுக்குள்ள யாரும் கால் வச்சதில்லை," என்றார்.

அப்படியானால் அடிப்பக்கத்தில் இத்தனை காலம் நின்று தேய்த்தது யார் என்று நான் கேட்கவில்லை. அந்த அண்ணன் நின்ற தரையை நானே அவருக்குத் திருப்பிக் கொடுத்திருந்தேன். தரை வந்ததும், கூடவே அந்தத் தண்ணீரும் வந்துவிட்டது.

வெளிச்சம் இருக்கும்போதே பலகைகளைக் கழற்றி முற்றத்தில் போட்டோம். அந்தம்மா மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். காய்ந்த தேக்கு நெடுநேரம் பற்றாமல் சீறிக்கொண்டு கிடந்தது. பிறகு எரிந்தது. அந்த வாரமே புதுப் பலகை அறுத்துப் போட்டுக் கொடுத்தேன். படகு இப்போது கடலில் ஓடுகிறது. அந்தம்மாவின் மகள்தான் ஓட்டுகிறாள். அதில் ஒரு தொந்தரவும் இல்லை என்கிறார்கள்.

இருக்காது.

பலகையை எரித்த அன்று சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது ஆப்பு என் தோளில் சாய்ந்துகொண்டு சொன்னான். "நீங்க கீழ நின்னு தாங்கிப் பிடிக்கலைன்னா போய்ச் சேர்ந்திருப்பேன் மாமா."

"நான் எங்க உள்ள வந்தேன்? ஜன்னல்லதானே பார்த்தேன்."

"என் கால் ரெண்டும் உங்க தோள்லதானே இருந்துச்சு. தண்ணி ஏற ஏறத் தூக்குனீங்களே. கணுக்காலைப் பிடிச்சிருந்தீங்களே."

அவன் வேட்டியைக் கொஞ்சம் விலக்கினேன். இரண்டு கணுக்காலிலும் சுற்றிவர விரல் பதிந்து சிவந்திருந்தது. பெரிய விரல்கள்.

அது அந்தம்மாவின் அண்ணன் கையாக இருக்கும் என்று அவனிடம் சொன்னேன். அவன் பயப்படவில்லை. "யாரா இருந்தா என்ன மாமா, உசிரைக் காப்பாத்துனாரு," என்றான். நானும் அப்படியே நினைத்துக்கொண்டேன். என் மனைவியிடம் அவள் தம்பியை முழுசாகக் கொண்டுபோய்ச் சேர்த்தாயிற்று, அது போதும் என்று.

சில மாதம் கழித்து ஒரு புது வீட்டில் கதவு மாட்டும் வேலை. கடலுக்கு வெகுதூரம். மொசைக் தரை, வெள்ளைச் சுவர், சுற்றிலும் காலை வெயில். நான் சன்னலோரம் குனிந்து தாழ்ப்பாளுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். ஆப்பு நிலைக்கதவுக்கு வார்னிஷ் அடித்துக்கொண்டிருந்தான். பிரஷ் போகிற சத்தம் உயரத்திலிருந்து வந்தது.

"மேல்சட்டத்துக்கு ஸ்டூலைப் போட்டுக்கோ மாப்ள. எட்டாது."

"எட்டுது மாமா."

உளியைத் தட்டிக்கொண்டே இருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. ஸ்டூல் என் பக்கத்தில் இருந்தது. அதன் மேல் என் சாமான் பை இருந்தது.

திரும்பிப் பார்த்தேன். அவன் மேல்சட்டத்தில் நிதானமாகப் பிரஷை ஓட்டிக்கொண்டிருந்தான். என் பார்வை மெல்லக் கீழே இறங்கியது. இடுப்பு. முழங்கால். பாதங்கள் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், கொஞ்சமும் ஆடாமல், எதன் மேலோ நன்றாக ஊன்றி நின்றன.

அவற்றுக்குக் கீழே எதுவும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு வெறும் வெயில்.

"ஆப்பு, இறங்குடா."

"நானா ஏறினேன்?" அவன் திரும்பாமலே, ரகசியம் சொல்கிற மாதிரி சொன்னான். "தண்ணி ஏறுது மாமா. அதான் தூக்குறாரு."

தரை காய்ந்து கிடந்தது. கீழே உதிர்ந்த மரத்தூள்கூட அசையவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவன் இன்னும் கொஞ்சம் உயர்ந்தான்.