சாய்மானம்

புதினாவில் வாசனை இல்லை. ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மூக்கருகே கொண்டுபோனாள்; பச்சைத் தண்ணீர் வாடை மட்டும்தான் வந்தது. பக்கத்துத் தொட்டியில் மிளகாய்ச் செடி துவண்டு கிடந்தது, ரோஜா வெறும் குச்சியாகியிருந்தது. அந்தக் கொடி மட்டும் கொழுகொழுவென்று அகல இலைகளோடு ஜன்னல் கம்பி முழுக்கப் படர்ந்திருந்தது.

அது ஆராய்ச்சித் தோட்டத்துக் கொடி. அங்கே கண்ணாடிக் கூடாரத்தில் ஒவ்வொரு தட்டிலும் பல இனச் செடிகளைக் கலந்து விதைப்பார்கள். எது மற்றவற்றை மறைத்துக்கொண்டு மேலே வருகிறதோ, அதை வெட்டிக்கொண்டே இருப்பதுதான் அவள் வேலை. வெட்டாமல் விட்ட தட்டில் கடைசியில் ஒரே இனம்தான் மிஞ்சும். வெட்டியதை எரித்துவிட வேண்டும் என்பது அங்கே கண்டிப்பு. இவளோ, வீணாகிறதே என்று மனசு கேட்காமல், ஒரு பை நிறைய வீட்டுக்குக் கொண்டுவந்து, வெறுங்கையால் பிய்த்து, உரமாகட்டும் என்று தொட்டி மண்ணில் பரப்பிவிட்டாள். புத்தி எங்கே போயிருந்ததோ.

"நம்ம பொண்ணு என்னமா உயர்ந்துட்டா, பாத்தியா?" என்றார் கணவர். அவருடைய சட்டை தோளில் தொளதொளத்தது. "நல்லவேளை, உன்ன மாதிரி குள்ளக் கத்திரிக்காயா போகல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. மகளின் கழுத்தைப் பார்த்தாள். நீண்டு, வெளிறி, மெலிந்திருந்தது. தட்டுகளில் தினமும் பார்ப்பதுதான். வெளிச்சம் கிடைக்காத நாற்று முதலில் அவசர அவசரமாக உயரும், தண்டில் பலமே இருக்காது. பிறகு மடங்கி விழும்.

கொடியை வேரோடு பிடுங்கி மொட்டைமாடியில் எரித்தாள். மண்ணையும் கொட்டிவிட்டாள்.

மறுநாள் மதியம் வெயில் கட்டில்வரை வந்திருந்தது. வீட்டில் சத்தமே இல்லை. சர்க்கரை சிந்திய இடத்தில் ஓர் எறும்புகூட இல்லை. சுவரில் பல்லி இல்லை. உள்ளே கணவர் எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மகளின் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மகளின் தலை மெல்ல ஜன்னல் பக்கம் சாய்ந்தது. இவள் எழுந்து ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். தலை கதவுப் பக்கம் சாய்ந்தது.

மறுபடி இடம் மாறினாள்.

மறுபடி சாய்ந்தது. இவளிடமிருந்து விலகி.

எதிரே பீரோ கண்ணாடி. அதில் இவள் முகம் மினுமினுத்தது. முடி என்றுமில்லாத அடர்த்தி. கொஞ்ச நாளாகவே பசி இல்லை, அசதி இல்லை. உடம்பு தேறிவிட்டது என்றல்லவா நினைத்திருந்தாள்.

"அம்மா," என்றாள் மகள். "கொஞ்சம் தள்ளிக்கோம்மா. இருட்டா இருக்கு."

தள்ளினாள்.

"இன்னும்."

முதுகு சுவரில் இடித்தது.

"இன்னும்மா."

வாசல். படிகள். செருப்புகூட இல்லாமல் தெருவுக்கு ஓடினாள். எதிர்ச் சாரியில் நின்று, மூச்சு வாங்க, மேலே பார்த்தாள். ஜன்னலில் மகளின் முகம் தெரிந்தது. தலை நிமிர்ந்திருந்தது. அப்பாடா. பிழைத்துக்கொள்வாள். இனி அந்த வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது, அவ்வளவுதான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் யாரும் இவளைப் பார்க்கவில்லை. பை வைத்திருந்த பெண், தடி ஊன்றிய பெரியவர், தோளில் தூங்கும் குழந்தை. கழுத்து நீள, மெல்ல, எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தார்கள்.