உடைந்த வாய்க்குச் சுண்ணாம்பு

“மிரியம், ஏன் கதவைச் சாத்தினனீ?”

பின்னறையிலிருந்து றொஷான் கேட்டது வழமையான குரலில்தான். முன்னறை மேசையில் குனிந்து எழுதிக்கொண்டிருந்த மிரியமும் “இருங்கோ, வாறன்,” என்று வழமைபோலச் சொல்லிவிட்டு, பாதியில் நின்ற வசனத்தை முடிக்கப் பேனையைத் தாளில் வைத்தாள். வைத்த பேனை நகரவில்லை. அந்த அறைக்குக் கதவே கிடையாது.

தொண்ணூற்றைந்துச் சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது, புத்தூரில் அந்த வீட்டுக்குச் சுவர்தான் மிஞ்சியிருந்தது. கதவு, யன்னல், நிலை எல்லாவற்றையும் யாரோ பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்கள். எரித்துச் சமைத்தார்களோ, விற்றார்களோ, யாருக்குத் தெரியும். முன்வாசலுக்கும் யன்னல்களுக்கும் பிறகு புதிதாகப் போட்டார்கள். உள்ளறை வாசல்களுக்குத் திரைச்சீலை போதும் என்று விட்டது விட்டபடியே கிடந்து, முப்பது வருடம் ஓடிவிட்டது.

அது முன்பக்கமாக வளர்ந்த வீடு. றொஷானின் தகப்பன் இராசசிங்கம் மாஸ்டர் கலியாணம் கட்டிய கையோடு ஒரு சின்ன அறை கட்டினார். பிள்ளை பிறக்க அதற்கு முன்னால் ஒன்று. சம்பளம் கூடக் கூட, முன்னால் முன்னால் ஒன்றைவிட ஒன்று பெரிதாக. கடைசியில் நாலு அறையும் ஒரே வரிசையில் நின்றன. பின்னறைக்குப் போகவேண்டுமானால் மற்ற மூன்றையும் தாண்டித்தான் போகவேண்டும். ரயில்பெட்டி வீடு என்று சனம் பகிடி பண்ணும்.

மாஸ்டர் விஞ்ஞானம் படிப்பித்தவர். இளவயதில் கப்பலேறி இந்தியா போய், அரியலூர்ச் சுண்ணக்கல் குழிகளில் பொறுக்கிக்கொண்டு வந்த அமோனைட்டுக் கல்லுகள்தான் அவருக்கு உயிர். டைனோசர்கள் திரிந்த காலத்துக் கடற்பிராணியின் ஓடு, கடாக்கொம்பு போலச் சுருண்டு கல்லாய்ப் போனது. அவற்றில் ஒன்று இதுவரை எவரும் விவரித்து எழுதாத இனம் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். காட்டத்தான் கல் இல்லை. இடப்பெயர்வில் டிரங்குப் பெட்டியோடு போனது போனதுதான். கொழும்பில் படித்த பெரிய மனிசர்கள் அவர் சொன்னதைக் கேட்டு மரியாதையாகச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை மகன் றொஷான் மறக்கவே இல்லை.

போன வருடம் கிணற்றடிக் கொட்டிலைத் துப்புரவாக்கும்போது, மாஸ்டர் அந்தக் கல்லை அழுத்தி எடுத்து வைத்திருந்த பிளாஸ்டர் அச்சு கிடைத்தது. கம்பஸில் கல்லும் பாறையும் படிப்பிக்கிற மிரியத்துக்கு அது போதும். கல் தொலைந்தாலும் அச்சில் வார்த்து, வார்ப்பை அளந்து, இனத்தை விவரித்து எழுதலாம்; மாமனாரின் பேரையும் அதற்கு வைக்கலாம். ஆறுதலாகச் செய்வோம் என்றுதான் இருந்தாள். ஆடி மாதம் றொஷானுக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. இன்னொருக்கால் வந்தால் தாங்கமாட்டார் என்று டொக்டர் சொன்னார். அதற்குப் பிறகு அவள் நித்திரையை மறந்து வேலை செய்தாள். அவர் கண் மூடுமுன் அந்தக் கல்லை அவர் காணவேண்டும். வேறொன்றும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

வார்ப்பு அழகாக வந்தது. அச்சுதான் உடைந்துபோயிற்று, பழசு. வார்ப்பை அவர் மடியில் வைத்தபோது நல்ல கையால் தடவிக்கொண்டே போனவர், ஓடு திறக்கிற வாய்ப்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார். மூலக்கல்லிலேயே உடைந்த இடம் அது.

“அப்பாவின்ரை கல்லு முழுசாயெல்லோ இருந்தது, மிரியம். நான் சின்னனிலை தொட்டனான். முழுசாய் ஒருக்கா காட்டன்.”

அழுதார். கலியாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவர் அழுது அவள் பார்த்ததில்லை.

இந்த வேலையில் ஒரு கட்டளை உண்டு. இல்லாததைச் செய்யாதே. உடைந்திருந்தால் உடைந்தது என்று எழுதிவிட்டு நிற்கவேண்டும். பிள்ளைகளுக்கு அதை அவளே எத்தனை தரம் சொல்லியிருப்பாள். ஆனாலும் நேற்றுப் பின்னேரம் அவள் உட்கார்ந்து அந்த வாயைச் செய்தாள். பிளாஸ்டர் முடிந்துவிட்டது, டவுனுக்குப் போகிற வழி முழுக்க மாரி வெள்ளம். பின்சுவர் பூசவென்று மேசன் கதிரவேலு குழைத்து வைத்த சுண்ணாம்பு சாக்குக்குக் கீழே கிடந்தது. அந்தச் சுவரிலிருந்து கொட்டிய பழஞ்சாந்தையும் இடித்து அதற்குள் சேர்த்திருந்தார். ஏன் என்று அவள் கேட்டதற்கு, “பழசைச் சேர்த்தாத்தான் ரீச்சர் சுவர் சுவரைப் பிடிக்கும்,” என்றிருந்தார். அதில் ஒரு கை அள்ளி, உள்ளங்கையால் வழித்து வழித்து, ஓட்டின் வாயை முழுமையாக்கி வைத்தாள். றொஷான் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு அந்தப் பொய் தகும் என்று அவளுக்குப் பட்டது.

“மிரியம்?”

“வாறன் எண்டு சொன்னனானெல்லோ.”

எழும்பினாள். பின்னேரம்தான், ஆனால் மழை இருட்டு வீட்டுக்குள் இறங்கியிருந்தது, கரண்டும் இல்லை. முதல் திரையை விலக்கினாள், இரண்டாவதை விலக்கினாள். ஓட்டில் விழுகிற மழைச் சத்தத்துக்கு நடுவே எங்கோ தண்ணீர் மெல்ல இழுபடுகிற சத்தமும், பச்சைச் சுண்ணாம்பின் மூக்கைக் கரிக்கிற நெடியும், அதற்கு அடியில் பாசி ஊறிய கடல் மணமும் வந்தன. புத்தூரில் கடல் மணப்பதில்லை. மூன்றாவது திரையை விலக்கிக் கையை நீட்டியபோது, விரல் ஈரத்தில் பட்டது.

சுவர்.

பின்னறை வாசல் இருந்த இடத்தில், நிலம் தொடங்கிக் கூரை மட்டும், வெள்ளையாய், ஈரமாய், நடுவில் சற்றே உள்வாங்கிய சுவர். அதன் ஓரம் நேராக முடியவில்லை. சுருக்கிட்ட பாவாடைக் கரை போல மடிந்து மடிந்து நிலத்தோடு ஒட்டியிருந்தது. அந்த மடிப்பை அவளுக்குத் தெரியும். ஆடியிலிருந்து லென்ஸ் வைத்துப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிற அமோனைட்டு ஓட்டின் மடிப்பு அது. அடியில், நிலத்தோடு சேர்த்து, இரண்டு கை சேர்ந்து நுழைகிற அளவில் வட்டமாக ஒரு துளை.

துளையிலிருந்து றொஷானின் குரல் வந்தது. “லைட்டையாவது போட்டிட்டுச் சாத்தியிருக்கலாமே, மிரியம்.”

அவள் அலறவில்லை. அலறினால் அவர் பயந்துவிடுவார், பயம் அவருக்குக் கூடாது. “இருங்கோ, வாறன்,” என்று சொல்லிவிட்டு, கதிரவேலு விட்டுப்போன சுத்தியல் முன்னறையில் கிடக்க, அதை எடுக்க ஓடினாள்.

எடுத்துக்கொண்டு திரும்பியபோது சுவர் ஓரறை முன்னால் வந்திருந்தது.

வாசல் மாறிவிட்டேனோ என்று முதலில் நினைத்தாள். தலைக்குள் திரைகளை எண்ணிப்பார்த்தாள். இல்லை. இரண்டாவது திரை இரண்டாய்ப் பிளந்ததுபோலச் சுண்ணாம்பில் பாதி புதைந்து நின்றது. அடித்தாள். சுத்தியல் ஈரத்தில் புதைந்து, விடுபட்டு, புதைந்தது. பள்ளம் விழுந்த இடமெல்லாம் அவள் கண்ணுக்கு முன்னாலேயே ஊறி மூடிக்கொண்டது. துளையில் அதே குரல், அதே கிட்டத்தில்.

“இஞ்சை காத்துக் குறைவாயிருக்கு, மிரியம்.”

போன் அவர் தலையணைக்குப் பக்கத்தில். அவள் மழைக்குள் ஓடினாள். வீட்டைச் சுற்றி, சேறு தெறிக்க, பின்னறை யன்னலுக்கு. கம்பியைப் பிடித்து உள்ளே எட்டிப் பார்த்தாள். கட்டில் இருந்தது. விரிப்புச் சுருக்கமில்லாமல் இருந்தது. கட்டிலில் ஒருவரும் இல்லை. சுவரும் இல்லை, மூன்று வாசலும் திறந்து, முன்னறை மேசை வரைக்கும் நேரே தெரிந்தது.

“என்னக்கா, மழைக்குள்ளை?” வேலிக்கு அங்காலிருந்து குடையோடு வந்தாள் பக்கத்து வீட்டுச் சிவகௌரி.

“இவரைக் காணேல்லை. இவர் உள்ளுக்கை... கதிரவேலு அண்ணையைக் கூப்பிடும், கெதியாய்.”

“அவர் காங்கேசன்துறைக்கெல்லோ வேலைக்குப் போட்டார்.” சிவகௌரி குடையைச் சாய்த்து யன்னலால் பார்த்தாள். பிறகு மிரியத்தை ஒரு மாதிரிப் பார்த்தாள். “அண்ணை வடிவாய் நித்திரை கொள்ளுறார். என்னத்துக்குப் பதறுறியள்? நீங்கள் நித்திரை முழிச்சு முழிச்சு உப்பிடி வந்திட்டியள். உடுப்பை மாத்திப்போட்டுக் கொஞ்சம் படுங்கோ.”

மிரியம் மறுபடி பார்த்தாள். வெறுங்கட்டில். சிவகௌரியின் கையைப் பிடித்து இழுத்து உள்ளே கூட்டிப்போய்க் காட்டலாம். காட்டி என்ன செய்ய? அதற்குள் முன்பக்கத்திலிருந்து, வீட்டின் நெஞ்சுக்குள்ளிருந்து, அவர் இருமுவது கேட்டது. சிவகௌரியின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மிரியம் அவளை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள்.

சுவர் இன்னோர் அறை முன்னால் வந்து, முன்னறை உள்வாசலில் நின்றது.

இப்போது அவளுக்கு விளங்கியது. விளங்கியதுதான் மோசம். வகுப்பில் கரும்பலகையில் வட்டம் வட்டமாய்க் கீறிக் காட்டுகிற பாடம் அது. ஓட்டுக்குள் இருக்கிற பிராணி கடைசி அறையில்தான் சீவிக்கும். வளர வளர முன்னால் நகரும். நகர்ந்ததும் பின்னால் ஒரு தடுப்பைச் சுரந்து பழைய அறையை அடைத்துவிடும். அடைத்த அறைக்கு அது ஒருநாளும் திரும்பிப் போவதில்லை. எல்லாத் தடுப்பையும் ஊடறுத்து ஒரு குழல் மட்டும் ஓடும், அடைத்த அறைகளிலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே விட.

துளையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. தொட்டு நாக்கில் வைத்தாள். உப்பு.

“மிரியம். நெஞ்சு அடைக்குது.”

மேசைக்குப் பாய்ந்தாள். வார்ப்பு அங்கே இருந்தது. நேற்றே காய்ந்த வாய் இப்போது பளபளவென்று ஈரமாய். இதை உடைத்தால் இனி ஒன்றும் இல்லை. அச்சு போயிற்று, கல் எப்போதோ போயிற்று. மாஸ்டர் பொய்யர் என்பதுதான் மிஞ்சும். போகட்டும். எல்லாம் போகட்டும். மனிசன் இருந்தால் போதும். கடவுளே, இந்த மனிசன் இருந்தால் போதும். சுத்தியலை ஓங்கி அடித்தாள்.

பிளாஸ்டர் சிதறியது. அவள் ஊற்றியது கட்டிப் பிளாஸ்டர்; உள்ளே வெறுமையாக இருக்க வழியில்லை. உள்ளே அறைகள் இருந்தன. சின்னது, அதைவிடப் பெரிது, அதைவிடப் பெரிது. நாலாவது, அவள் செய்த வாய். அது மட்டும் உடையவில்லை. திரும்பத் திரும்ப அடித்தாள். உடையவில்லை.

திரும்பினாள்.

முன்னறை உள்வாசலில் அதே சுவர்.

கிட்டப் போனாள். சுவர் முழுக்க வழித்த தடம். உள்ளங்கைத் தடம். ஒவ்வொரு தடத்திலும் பெருவிரல் பக்கம் ஒரு கீறல். அவளுடைய பெருவிரலில் சின்ன வயதில் கத்தி வெட்டிய தழும்பு உண்டு. மெல்லக் கையைத் தூக்கிப் பார்த்தாள். முழங்கை வரைக்கும் வெள்ளை. நகத்துக்குள் சுண்ணாம்பு. தோல் வெந்து எரிந்தது. எப்போதிருந்து எரிகிறது?

நான்தான்.

முன்னால் போகப் போக, நான்தான் அடைக்கிறேன்.

வாசற்கதவு பின்னால் திறந்தபடி இருந்தது. மழை தெரிந்தது. நாலு எட்டு வைத்தால் வெளியே. வைத்தால் அவர் முடிந்தார். அவள் வைக்கவில்லை. சுவரடியில் முழந்தாளில் விழுந்தாள். துளைக்கு வாயை வைத்தாள்.

“இஞ்சாருங்கோ. நான் போகேல்லை. இஞ்சைதான் இருக்கிறன். இனி அசையமாட்டன்.”

“கையைத் தா.”

இரண்டு கையையும் விட்டாள். முழங்கை வரைக்கும். ஈரம். குளிர். பிறகு விரல்கள். பிடித்தன. இறுக்கமாக. மோதிரம் அவள் எலும்பில் அழுந்தியது. அவருடைய மோதிரம். இடக்கை மோதிரம். ஆடி மாதத்திலிருந்து அசையாத கை.

மூன்று சுவருக்கு அங்காலிருந்து ஒரு கை நீளாது. அவளுக்குத் தெரியும். நன்றாகத் தெரியும். ஆனாலும் அவருடைய கைதான். நகம் வெட்டிவிட்ட கை. விடமாட்டாள்.

“விடாதை, மிரியம்.”

“விடமாட்டன்.”

அசையாமல் இருந்தாள். மூச்சைக்கூட அடக்கினாள். சுவரும் அசையவில்லை. நின்றுவிட்டது. நின்றேவிட்டது. அவளுக்கு அழுகை வந்தது.

அப்போது நிலத்தில் கிடந்த வெளிச்சம் ஒடுங்கியது.

அவளுக்குப் பின்னால். வாசற்பக்கம். ஈரமான சத்தம். உள்ளங்கையால் வழிக்கிற சத்தம். கீழிருந்து மேலே. ஒரு வழிப்பு. இன்னொன்று. ஆறுதலாக, வடிவாக.

இழுத்தாள். பிடி விடவில்லை. அவளுடைய இரண்டு கையும் துளைக்குள் இருந்தன. இரண்டும்.

வெளிச்சம் நூலளவு ஆனது. வழிப்புச் சத்தம் நின்றது. அந்த நூலிடைக்கு அங்காலிருந்து, மழைக்குள்ளிருந்து, மிரியத்தின் குரல் வழமைபோலச் சொன்னது.

“இருங்கோ, வாறன்.”