உயர்த்திக் கட்டிய நிலைவாசல்

பெண்ணையாற்றில் அந்தி மயங்கி, கீழ்க்கரைத் தென்னந்தோப்புக்கு மேலே நிலா எழும்பிக்கொண்டிருந்த வேளையில், ஒரு படகு வெண்மணற்கோட்டையின் படித்துறையை நோக்கி மெல்ல வந்துகொண்டிருந்தது. அதில் பட்டுத் திரைக்குள் வீற்றிருந்தவளைக் கொற்கை முத்து வணிகரின் மனைவி என்றே காவலர்கள் நம்பினார்கள். அன்பார்ந்த வாசகர்களை ஏமாற்றி நமக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. அவள் பெயர் உமைநங்கை. இந்தக் கோட்டையை ஆண்டு, போரில் தோற்றுச் சிறைப்பட்ட எழினிவேளின் ஒரே மகள். துடுப்புப் போட்டவர்கள் அவள் தந்தையின் பழைய வீரர்கள்.

கோட்டை விழுந்து மூன்று வருஷம். வென்ற கண்டன் மழவராயன், எழினிவேளைப் பாதாளச் சிறையில் உயிரோடு வைத்திருப்பதாக நாடெங்கும் பேச்சு. ஆற்றங்கரையிலிருந்து அந்தச் சிறை வழியாக மாளிகையின் உள்ளறைக்கு ஒரு சுரங்கம் உண்டு. ஆனால் அதன் ஆற்றங்கரை வாயிலை உள்ளிருந்துதான் திறக்க முடியும்; அதற்கு உள்ளறைச் சுவரிலிருக்கும் கதவு வழியாகவே இறங்க வேண்டும். அந்தக் கதவு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கவே உமைநங்கை வந்தாள். இருந்தால், மயக்கம் வந்தவள் போல் அங்கேயே தங்கிவிடுவது. இரவில் கதவைத் திறந்து தந்தையை மீட்பது.

மழவராயன் வாள் பிடிப்பதில் கெட்டிக்காரன்தான். ஆனால் அவன் மாளிகையை யாராவது இரண்டு வார்த்தை புகழ்ந்துவிட்டால் போதும், மனிதனுக்குத் தலைகால் புரியாது. மூலைமுடுக்கெல்லாம் இழுத்துக்கொண்டு போய்க் காட்டாமல் விடமாட்டான். கோட்டை விழுந்த அன்று கொற்கையில் மாமன் வீட்டிலிருந்த உமைநங்கையை அவன் கண்டதே இல்லை. அவளை அறிந்த பணியாட்களையும் என்றோ விரட்டிவிட்டான்.

ஆகவே, தான் பிறந்து வளர்ந்த வீட்டை அவனுடைய வீடென்று அவள் புகழ வேண்டியதாயிற்று. முற்றத்தைச் சுற்றிய கருங்காலித் தூண்கள் விளக்கொளியில் மின்னின. கூரையின் உட்புறத்தில் மரத்தில் குடைந்த தாமரைகள் இதழ் விரித்திருந்தன. தந்தம் இழைத்த கட்டிலும், முகம் தெரிய மெழுகிய செந்தரையும், நடுக்கூடத்து ஊஞ்சலும் வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தன. ஊஞ்சலின் பித்தளைச் சங்கிலியில் கண்ணிக்கொரு கிளி; ஒரு கிளிக்கு மட்டும் மூக்கில்லை. முன்பிருந்தவர்களுக்குப் பொருளின் அருமை தெரியவில்லை என்று மழவராயன் குறைப்பட்டுக்கொண்டான். சிறு வயதில் அதை உடைத்துவிட்டு அம்மாவின் மடியில் ஒளிந்தவள், "பாவம், அழகான கிளி" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

உள்ளறை வந்தது. அதன் நிலைவாசலை அவள் பாட்டனார் வேண்டுமென்றே தாழ்வாக வைத்திருந்தார். குலவிளக்கு எரியும் அறைக்குள் மன்னனே ஆனாலும் தலை குனிந்துதான் வரவேண்டும் என்பது அவர் கட்டளை. தலை வணங்க மனமில்லாத மழவராயன் அதைப் பெயர்த்து, யானை நுழையும் உயரத்துக்குக் கட்டியிருந்தான். உமைநங்கையின் கண் உள்ளே இருந்த சுவரைத் தேடிக்கொண்டிருந்தது. கால் வாசலை மிதித்ததும், பிறந்தது முதல் செய்த பழக்கத்தில், அவள் சட்டென்று குனிந்து நுழைந்தாள்.

பின்னால் வந்துகொண்டிருந்த யாரோ அப்படியே நின்றுவிட்டார்கள். மழவராயனோ அதைத் தனக்குச் செய்த மரியாதை என்றெண்ணி வாயெல்லாம் பல்லாக நின்றான்.

சுவரில் கதவைக் காணோம். செங்கல் வைத்து அடைத்துச் சுண்ணாம்பு பூசி, சுவர் முழுவதும் ஓவியம் தீட்டியிருந்தார்கள். கோட்டை விழுந்த இரவுதான் அந்த ஓவியம். சுரங்கத்திலிருந்து மழவராயனின் வீரர்கள் திமுதிமுவென்று ஏறி வருகிறார்கள். கதவைத் திறந்து தீவட்டி காட்டி அவர்களை வரவேற்பவன், காரிவேள். அவளுக்கென்று நிச்சயிக்கப்பட்டவன், போரில் மாண்டான் என்று எண்ணி இந்த மூன்று வருஷமும் அவள் பூச்சூடாமல் இருந்தாளே, அவன்தான்! அந்தக் கதவை அறிந்தவர்கள் தந்தை, அவள், காதல் மேலீட்டால் அவளே அதைக் காட்டியிருந்த காரிவேள், மூவரே.

"எப்படி அம்மணி?" என்று கேட்டான் மழவராயன்.

"முகங்களெல்லாம் உயிரோடு இருப்பது போலவே இருக்கின்றன" என்றாள் உமைநங்கை.

மழவராயன் மனம் குளிர்ந்து, பின்னால் நின்றவனை அழைத்தான். தன் மகளை மணந்த மருமகன் என்றும், ஓவியத்தில் தீவட்டி பிடித்திருப்பவன் இவனே என்றும் பெருமையாகச் சொன்னான். காரிவேள் தரையைப் பார்த்துக் கைகூப்பினான். விருந்தினரைப் படித்துறை வரை தானே கொண்டுபோய் விடுவதாகச் சொன்னான். கதவே இல்லையென்றான பிறகு அங்கே தங்கி அவளுக்கு என்ன வேலை? அவனோடு நடந்தாள்.

ஆற்றங்கரையில் ஆள் அரவம் இல்லாத இடத்தில் அவன் நின்றான்.

"நீ குனிந்தபோதே தெரிந்துகொண்டேன், உமை. மாமனாருக்கு விளங்கவில்லை. நானும் சொல்லமாட்டேன்."

பிறகு தாழ்ந்த குரலில் மற்றதையும் சொன்னான். எழினிவேள் போன மழைக்காலத்தில் சிறையிலேயே இறந்துவிட்டார். உயிரோடிருப்பதாகப் பரப்பிய பேச்சு, அவரை மீட்க வருகிறவர்களைப் பிடிப்பதற்கு வைத்த பொறி. முற்றுகையில் கோட்டைக்குள் ஜனங்கள் பட்டினியால் செத்துக்கொண்டிருந்தார்கள். எழினிவேளைத் தொடமாட்டேன் என்று மழவராயன் சத்தியம் செய்தான். அதை நம்பியே காரிவேள் கதவைத் திறந்தானாம். சத்தியம் மறுநாளே காற்றில் போயிற்று. மருமகன் பதவி மட்டும் எங்கும் போகவில்லை.

உமைநங்கை அழவில்லை. அழுகையெல்லாம் செத்தவனுக்காகச் செலவழித்தாயிற்று. அவனோ பட்டுடுத்தி எதிரே நிற்கிறான்.

"காரிவேளாரே," என்றாள், "அந்த நிலையைப் பழையபடி தாழ்த்திக் கட்டுவேன். இது என் தந்தை மேல் ஆணை. அன்று தாங்கள் அதில் குனிந்து வரவேண்டும். அதுவரை தங்கள் உயிருக்கு ஒரு குறையும் வரக்கூடாதென்று நாள்தோறும் வேண்டிக்கொள்வேன்."

அவன் நீட்டிய கையைப் பிடிக்காமலே படகில் ஏறினாள். எழினிவேள் எங்கே என்று துடுப்புக்காரர்கள் கேட்டார்கள். படகு நடு ஆற்றுக்குப் போன பிறகே, அவர் இறந்துவிட்டதை அவள் சொன்னாள்.