தள்ளினால் நிற்கும்

"என் வண்டியை இடிச்சது யாருன்னு எனக்குத் தெரிஞ்சாகணும்மா" என்றாள் அந்தப் பெண், நாற்காலியில் சரியாக உட்காருவதற்கு முன்பே. அவளுடைய ஊன்றுகோல்கள் இரண்டையும் டிரில் மாஸ்டர் வாங்கிச் சுவரோரம் சாய்த்து வைத்தார். ஒன்று சரிந்து அவர் காலிலேயே விழுந்தது. அவர் முகத்தைச் சுளிக்காமல் சமாளித்துக்கொண்டார்.

டிரில் மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். விசில் மட்டும்தான் கழுத்தில் இல்லை. அவர் மனைவி சர்வேயரம்மா, அடிபட்ட வண்டிகளைப் பார்த்து அடி எப்படி விழுந்தது என்று சொல்வதிலேயே தலை நரைத்தவர். வேலையை விட்ட பிறகும் ஆட்கள் தேடி வருவது நின்றபாடில்லை. வருகிறவர்களின் கதையை அம்மா கேட்டு முடிப்பதற்குள் மாஸ்டர் குற்றவாளியைப் பிடித்துவிடுவார். அது இதுவரை ஒருமுறைகூடச் சரியாக இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

அவள் கதை இதுதான். அவளுக்குக் குழந்தையிலிருந்தே கால்கள் வராது. கையாலேயே ஓட்டும்படி மாற்றிக் கட்டிய கார் அவளுடையது. ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு கம்பி. வேகத்துக்கும் அதுதான், பிரேக்குக்கும் அதுதான். கால் தவறிப் போய் மிதிபடக் கூடாதென்று பெடல்களை ஒரு தகட்டால் மூடியிருக்கும். இந்த ஊரில், பஸ் போகாத ஒரு மூலையில், ஆய்வுக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. காரை லாரியில் ஏற்றி அனுப்பினாள். வந்து பார்த்தால் முன்பக்கம் நொறுங்கிக் கிடக்கிறது.

"லாரி டிரைவரைத்தான் சொல்றாங்க. அவரை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்களாம். ஆனா வண்டி ஏத்துற அன்னிக்கு அவர் என்கிட்ட எத்தனை தரம் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டார் தெரியுமா? 'தள்ளினா நிக்கும், இழுத்தா ஓடும்'னு பாட்டு மாதிரி சொல்லிக்கிட்டே ஓட்டினார். அவர் இடிச்சிருப்பார்னு என் மனசு ஒப்பல. அவரே இடிச்சிருந்தா..." அவள் நிறுத்தினாள். "அவரே இடிச்சிருந்தா, எங்க அண்ணன் சொல்றது சரின்னு ஆயிடும். அந்தக் கம்பி ஆபத்துங்கிறார். நீ ஓட்டவே வேணாம், நானே கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வர்றேங்கிறார். இன்னும் எத்தனை வருஷம்மா என்னை யாராவது கொண்டுபோய் விட்டுக் கூட்டிட்டு வர்றது?"

"டிரைவர் தூங்கி வழிஞ்சிருப்பான். வேற என்ன?" என்றார் மாஸ்டர்.

"கொஞ்சம் சும்மா இருங்க. செருப்பைப் போடுங்க" என்றார் சர்வேயரம்மா.

லாரி கம்பெனியின் யார்டு ஊருக்கு வெளியே தகர வேலிக்குள் இருந்தது. கார் ஓர் ஓரமாக நின்றது. இடப்பக்க விளக்கு போயே போய்விட்டது. பம்பர் மடங்கி மட்கார்டு உள்ளே புகுந்திருந்தது. பெண்ணின் அண்ணன் ஏற்கெனவே அங்கே வந்திருந்தார். நல்ல உயரம், சிவந்த கண்கள். தூங்கி நாளாகியிருக்கும்.

யார்டு மேனேஜர் யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தார். "வழியில சடன் பிரேக் போட்டிருக்கான்மா. கட்டு அவுந்துபோய், கார் முன்னாடி நகர்ந்து, லாரியோட இரும்புக் கம்பத்துல மோதியிருக்கு. மேல் தட்டுல, முதல் வண்டி இது. கேட்டா, நான் இல்லேங்கிறான்."

டிரைவர் லாரிச் சக்கரத்தில் சாய்ந்து நின்றிருந்தார். "இறக்கி நிறுத்திட்டுத்தாங்க படுத்தேன். எழுந்து பாக்குறேன், இப்படிக் கிடக்கு. சொன்னா யார் நம்புறா? என் பொண்டாட்டியே, உண்மையைச் சொல்லுங்கன்னு கேக்குறா." அவர் யாரையும் பார்க்காமல் பேசினார்.

சர்வேயரம்மா மெதுவாகக் காரைச் சுற்றி வந்தார். அடிபட்ட இடத்தைவிடப் பின்கண்ணாடிதான் அவரைப் பிடித்து வைத்தது. அதில் கொசுவும் ஈயும் வண்டும் நசுங்கிக் காய்ந்து அப்பிக் கிடந்தன. முன்கண்ணாடி சுத்தமாக இருந்தது. பிறகு குனிந்து முன்பக்கக் குழியைப் பார்த்தார்.

"ஒரே அடியில நின்னது இல்லீங்க இது. இடிச்ச பிறகும் வண்டி முட்டிக்கிட்டே இருந்திருக்கு" என்றார் கணவரிடம்.

"அதான் சொன்னேனே!" என்று அண்ணன் பாய்ந்து வந்தார். "அந்த ஆளு பயந்துபோய்க் கம்பியை இழுத்திருப்பான். இழுக்க இழுக்க வண்டி பாயும், இன்னும் இழுத்திருப்பான். இப்படி ஒரு எமனை வெச்சுக்கிட்டு இவ தினமும் ரோட்டுல போகணுமா? சொல்லுங்க!"

"நியாயம்தான்" என்று மாஸ்டர் தலையாட்டினார். அவருக்கு அந்த அண்ணனைப் பிடித்துப்போயிற்று. தங்கைமேல் உயிரையே வைத்திருக்கிற மனிதர். டிரைவர்தான் என்று மனதுக்குள் முடித்துவிட்டு, வெயில் தாங்காமல் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் போய்ச் சாய்ந்து நின்றார். தொட்டியை நான்கு தூண்கள் தாங்கின. மூன்றில் பாசி படர்ந்து கிடந்தது.

திரும்பி வந்தபோது மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முதுகெல்லாம் சுண்ணாம்பு."

"அடடா!" மாஸ்டர் கையைப் பின்னால் கொண்டுபோனார்.

"தட்டாதீங்க. அப்படியே இருக்கட்டும்." பிறகு மற்றவர்களிடம் திரும்பினார். "எல்லாரும் ஆபீசுக்குள்ள வாங்க. ஒரு சின்ன விளையாட்டு."

ஆபீஸ் என்பது ஒரு மேசை, சில பிளாஸ்டிக் நாற்காலிகள், கிரீச்சிடும் மின்விசிறி. பெண்ணைச் சன்னலோரம் உட்கார வைத்துவிட்டு, மற்ற மூவரையும் வரிசையாக உட்காரச் சொன்னார் சர்வேயரம்மா. முதலில் மேனேஜர்.

"அந்தக் கார்ல உக்காந்து ஓட்டிட்டு இருக்கீங்கன்னு வெச்சுக்குங்க. எதிர்ல சுவர் வருது. நிறுத்துங்க."

மேனேஜர் சட்டென்று வலது காலைத் தரையில் ஓங்கி மிதித்தார்.

"நீங்க அந்த சீட்டுல உக்காந்ததே இல்ல. உக்காந்திருந்தா மிதிக்கப் பெடல் இல்லேன்னு தெரிஞ்சிருக்கும்" என்றார் அம்மா. "டிரைவர் தம்பி, நீங்க?"

டிரைவரின் இடது கை தானாக எழுந்தது. உள்ளங்கையால் காற்றை முன்னே தள்ளியது. உதடு "தள்ளினா நிக்கும்" என்று முணுமுணுத்தது.

"இவர் கைக்குப் பாடம் ஏறியிருக்கு. இந்தக் கை பயத்துல இழுக்காது. அது மட்டும் இல்ல. கார் வழியில மோதல. பூச்சியெல்லாம் பின்கண்ணாடியில இருக்கு. அப்படின்னா காரோட பின்பக்கம்தான் காத்துக்கு எதிர்ல இருந்திருக்கு. கட்டு அவுந்திருந்தா பின்பக்கம்தான் போய்க் கம்பத்துல இடிச்சிருக்கும்."

"ரிவர்ஸ்லதாங்க ஏத்தினேன்! நானும் தலைபாடா அடிச்சுக்கிட்டேன், யாரும் காதுல வாங்கல" என்றார் டிரைவர்.

"என்னங்க, திரும்புங்க" என்றார் அம்மா. மாஸ்டர் அணிவகுப்பில் நிற்பவர்போல விறைப்பாகத் திரும்பிச் சுண்ணாம்பு முதுகைக் காட்டினார். "தொட்டிக்கு நாலு தூண். மூணு பாசி புடிச்சுக் கிடக்கு, ஒண்ணுக்கு மட்டும் புதுசா வெள்ளை. கார் பெயின்ட்டு ஒட்டியிருந்தா வெள்ளையடிக்கத்தானே வேணும், மேனேஜர் சார்?"

"நான் இடிக்கலம்மா" என்றார் மேனேஜர். " சத்தியமா நான் இல்ல." அவர் கண் பக்கத்து நாற்காலிக்குப் போய்த் திரும்பியது.

"தெரியும். மீதி இருக்கிறவர் ஒருத்தர்தான்." சர்வேயரம்மா அண்ணனைப் பார்த்தார். குரலில் கடுமையே இல்லை. "நீங்க நிறுத்திக் காட்டுங்க."

அண்ணன் கையைத் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டிருந்தார். "எனக்கு எப்படித் தெரியும்? நான் அதைத் தொட்டதே இல்ல."

"இழுக்க இழுக்க வண்டி பாயும்னு இப்பச் சொன்னீங்களே."

"அது... இவ சொல்லியிருப்பா."

சன்னலோரத்திலிருந்து பதில் வந்தது. "நான் சொன்னதில்லண்ணா." "நான் சொல்ல வரும்போதெல்லாம் நீ எழுந்து போயிடுவே. ஒரு தடவையாவது என் வண்டியைப் பத்திப் பேச விட்டிருக்கியா? இழுத்தா ஓடும்னு உனக்கு யாருண்ணா சொன்னா?"

மாஸ்டருக்கு அந்த மனிதரைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. சற்று முன்பு தலையாட்டிய தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

"ஓட்டிப் பாக்கணும்னு நெனச்சேன்" என்றார் அண்ணன் கடைசியில். "நீ ஓட்டுறதுக்கு முன்னாடி... பத்திரமான்னு பாக்கணும்னு. நீ குடுத்து வெச்ச ரெண்டாவது சாவி என்கிட்ட இருந்தது. டிரைவர் தூங்கிட்டு இருந்தப்போ இங்க வந்து, ஒரே ஒரு ரவுண்டுன்னு மேனேஜர் கையில கால்ல விழுந்தேன். தூண் வந்ததும் கை தானா ஹேண்ட் பிரேக் மாதிரி இழுத்துடுச்சு. நிக்கல. இன்னும் இழுத்தேன்." அவர் முகத்தை மூடிக்கொண்டார். "அப்புறம்... இதுதான் சாக்குன்னு தோணிடுச்சு. இனிமே நீ ஓட்ட மாட்டே, எனக்கு பயம் இல்லாம இருக்கலாம்னு."

"டிரைவருக்கு வேலை போனா?" என்றாள் தங்கை.

மேனேஜர் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அவள் வெகுநேரம் அழுதாள். "சின்ன வயசுல என்னை ஸ்கூலுக்குத் தூக்கிட்டுப் போன ஆளும்மா இவர்" என்று சர்வேயரம்மாவிடம் சொன்னாள். "அதனால திட்டவும் வாய் வரமாட்டேங்குது." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "வண்டி ஓடுமா?"

"சக்கரம் திரும்புது, தண்ணி ஒழுகல. மெக்கானிக் வரைக்கும் மெதுவா போகலாம்."

அவள் அண்ணனிடம் கையை நீட்டினாள். அவர் சாவியை வைத்தார். "வந்து பக்கத்துல உக்காரு" என்றாள்.

மாஸ்டரும் அம்மாவும் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்தார்கள். நசுங்கிய முகத்தோடு கார் நகர்ந்தது. உள்ளே அண்ணன் கதவுக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது தெரிந்தது. கேட்டருகே டிரைவர் வழியில் முதுகைக் காட்டி நின்றிருந்தார். கார் அவரை நோக்கியே போனது.

"ஐயோ, விலகச் சொல்லு!" என்றார் மாஸ்டர்.

பின்விளக்குகள் சிவந்தன. டிரைவருக்கு ஓர் அடி முன்னால் கார் குலுங்காமல் நின்றது. இடப்பக்கக் கண்ணாடி கீழே இறங்கியது. அண்ணனின் தலை வெளியே வந்தது; ஏதோ சொல்ல வாயெடுத்தது.

"அங்கிருந்து இல்லண்ணா" என்று அவள் குரல் யார்டு முழுக்கக் கேட்டது. "இறங்கிப் போய்ச் சொல்லு."

கதவு திறந்தது. அவர் இறங்கினார்.