ஒரே ஆளுக்கு இடமிருந்த படகு

"எழுந்திருங்க... எழுந்திருங்கன்னு சொல்றேன்ல! நீங்க உக்காந்திருக்கறது எங்கப்பா மேல!"

ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவன் துள்ளி எழுந்தான். எழுந்த வேகத்தில் பழம் கையை விட்டுக் கடலில் விழுந்தது. சாக்கில் சுற்றிக் கயிறு கட்டிப் படகின் தளத்தில் கிடத்தியிருந்த நீளமான பாரத்தைத் திகிலோடு பார்த்தான். சிமெண்டு மூட்டைகளுக்கு நடுவே கிடந்ததால் அதையும் ஒரு மூட்டை என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

"உங்க... அப்பாவா?"

"அப்பாவோட கல்லு. நாளைக்கு எங்க வீட்டுல கல் விருந்து; ஊருக்குச் சோறு போட்டு மறுநாள் இதை நடணும். கல்லறைக் கல்லு மேல ஏறி உக்காந்து ஆரஞ்சு தின்ன ஆளை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன்!"

அவன் தொப்பியைக் கழற்றினான். சாக்கைப் பார்த்துப் பணிவாகக் குனிந்தான்.

"மன்னிச்சுக்கங்க ஐயா... உங்களுக்கு இப்படி ஒரு கோவக்காரப் பொண்ணு இருக்குதுன்னு தெரியாம உக்காந்துட்டேன்."

சிரிக்கக் கூடாது... சிரிக்கவே கூடாது என்று டெல்சா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனால் கண்கள் சொன்ன பேச்சைக் கேட்டால்தானே! அவன் அந்தக் கண்களைப் பார்த்துவிட்டான். பார்த்ததோடு விட்டானா? பார்த்துக்கொண்டே நின்றான்.

கிரெனடாவை விட்டுக் கிளம்பும்போதே கருத்திருந்த வானம் அப்போதுதானா கொட்ட வேண்டும்? தளத்தில் ஒரே ஒரு தார்ப்பாய். அவன் அதை இழுத்து முதலில் கல்லின் மேல் போர்த்தினான். மிச்சத்தை அவள் தலைக்கு மேல் பிடித்தான். தான் மட்டும் நனைந்தான்.

'அப்பாவை மூடிட்டு அப்புறம்தான் என்னை...' டெல்சாவின் நெஞ்சில் ஏதோ இளகியது. "நீங்களும் உள்ள வாங்க. காய்ச்சல் வந்து படுத்தா அந்தப் பழியும் எங்கப்பா மேல வரும்."

வந்தான். தோளுக்கும் தோளுக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். அவன் இமையில் ஒரு மழைத்துளி விழாமல் தொங்கியது. அதைத் துடைத்துவிட வேண்டும் என்று அவள் விரல் துடித்ததை அந்தக் கல்லுக்குள் இருக்கும் அப்பா மட்டும் பார்த்திருக்கலாம்.

தன் பேர் டெல்சா என்றாள் அவள். அவன் பெக்வே தீவுக்காரனாம். தச்சனாம். இந்தப் படகு போய்ச் சேரும் கேரியகு தீவின் வடகோடியில் புதிதாகக் கட்டும் படகுக்குப் பலகை அடிக்கப் போகிறானாம்.

"படகு கட்டறீங்க, சரி... கடலுக்குப் போறதில்லையா?"

"எங்கம்மா விடமாட்டாங்க. எங்கப்பாவைக் கடல் எடுத்துக்கிச்சு."

"ஐயோ... எங்கப்பாவையும்தான்!"

"அந்தக் கதையை எங்கம்மா சொன்னா வீட்டுல இருமல் சத்தம்கூடக் கேக்காது." அவன் குரல் தாழ்ந்தது. "பெரிய புயல். சரக்குப் படகுல ரெண்டே ஆளுங்க. படகு பிளந்துடுச்சு. கூட இருந்தது ஒரு சின்னத் துடுப்புப் படகு. ஒரே ஆளுக்குத்தான் இடம். 'நீ போடா'ன்னு கூட வந்தவனைத் தூக்கி உக்கார வச்சாராம் எங்கப்பா. கடைசியா அவர் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்... 'வீட்டுல சொல்லு. ஆட்டை இடம் மாத்திக் கட்டச் சொல்லு.'"

டெல்சாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பிழைச்சவன் கரையில யார்கிட்டயோ அதை மட்டும் சொல்லி அனுப்பிட்டு, எங்கம்மா முகத்துல முழிக்கப் பயந்து மரகைபோவுக்கு ஓடிட்டான். நன்றி கெட்டவன்! இன்னும் எண்ணெய்க் கிணத்துல சம்பாதிச்சுகிட்டு எங்கயாவது சுகமா இருப்பான்..."

அவள் தார்ப்பாயை உதறிவிட்டு மழையில் எழுந்து நின்றாள். அந்த வார்த்தை... அவள் அப்பாவின் கடைசி வார்த்தை! தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து அவள் கேட்டு வளர்ந்த வார்த்தை! சாகப்போகும் நேரத்திலும் வீட்டை நினைத்த மனிதர் என்று எத்தனை பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்! அது எப்படி இவன் வாயில்?

"உங்க பேரு என்ன?"

"கென்ரிக். ஏன்... என்ன ஆச்சு?"

"முழுப் பேரு!"

"கென்ரிக் கூடிங்."

கூடிங்! ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பூசை முடிந்து வந்து அம்மா சபிக்கும் பெயர். தனக்காக உயிரைக் கொடுத்த அவள் அப்பா சிரில் லெண்டோரை மறந்துவிட்டு மரகைபோவுக்கு ஓடிய ஹார்வி கூடிங்கின் பெயர். அவன் மகனோடு... ஒரே தார்ப்பாய்க்குள்... ச்சே!

துறை வரும்வரை அவள் படகின் மறுமுனையில் போய் நனைந்தபடி நின்றாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஹில்ஸ்பரோ துறையில் ஆட்கள் கல்லைத் தூக்கும்போது அவனும் ஒரு கை கொடுத்தான். நனைந்து ஊறியிருந்த சாக்கு ஓரத்தில் கிழிந்தது. எழுத்து தெரிந்தது.

'ஹார்வி கூடிங் என்னும் நன்றி கெட்டவனுக்குத் தன் இடத்தைத் தந்து மாண்ட சிரில் லெண்டோர்.'

கென்ரிக் படித்தான். இன்னொரு முறை படித்தான். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு, குறும்பு எல்லாம் வடிந்துவிட்டன.

"சிரில் லெண்டோரா உங்கப்பா?" என்றான் மெதுவாக. "எங்க வீட்டுக் கதையில பிழைச்சு ஓடினவன் பேரு அதுதான்."

"வாயை அடக்கிப் பேசுங்க! எங்கப்பா செத்துட்டாரு!"

"எங்கப்பாவும்தான் செத்துட்டாரு!"

துறையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள்.

"எங்கம்மா இன்னிக்கும் கறுப்புதான் உடுத்தறாங்க, டெல்சா."

"ஓடிப்போனவன் பொண்டாட்டி வேற என்ன பண்ணுவா? அப்படித்தான் ஊரை நம்பவைப்பா!"

சொன்ன மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் சொல் போய்விட்டது. அவன் கல்லை ஜீப்பில் பதமாக ஏற்றிவைத்தான். கருவிப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

அவளுக்கு அழுகை முட்டியது. அவன் சொல்வது பொய்யென்றால் அந்தக் கண்களை இனி நம்ப முடியாது. மெய்யென்றால்... அப்பா போய்விடுவார். அவள் கண்ணால் பார்த்த நினைவே இல்லாத அப்பா அந்த ஒரு கதைக்குள்தானே இத்தனை வருஷமும் உயிரோடு இருந்தார்!

மறுநாள் லெஸ்டெர் ஊரே லெண்டோர் வீட்டு முற்றத்தில் இருந்தது. உள்ளே நாற்காலிகளை இணைத்து வெள்ளைத் துணி போர்த்திக் கல்லைப் படுக்கவைத்திருந்தார்கள். வெளியே அண்டாவில் ஆட்டுக்கறி. சோளமாவுக் களியை உருண்டை உருண்டையாக உருட்டிக்கொண்டிருந்தார்கள் பெண்கள். செத்தவர்களுக்கென்று ஒரு தட்டு தனியாக எடுத்துவைத்தாகிவிட்டது. மேளக்காரர்கள் தோலைக் காயவைத்துத் தட்டிப் பார்த்தார்கள். கல் விருந்துக்கு யாரையும் அழைப்பதில்லை. வந்தவர் யாரையும் போகச் சொல்வதுமில்லை.

அந்தத் தைரியத்தில்தான் வந்தானோ என்னவோ... தேய்த்த வெள்ளைச் சட்டையில் வாசலில் கென்ரிக் நின்றான்.

டெல்சாவின் அம்மா வெரீனா, யாரோ வெளியூர்ப் பிள்ளை என்று நினைத்து ஒரு தட்டை நீட்டினாள். "வாப்பா, சாப்பிடு."

"என் பேரைச் சொல்லிட்டு அப்புறம் சாப்பிடறேன்மா. நான் ஹார்வி கூடிங் மகன்."

மேளத்தைத் தட்டிப் பார்த்த கைகள் நின்றன. வெரீனா நீட்டிய தட்டைப் பின்னுக்கு இழுத்தாள்.

"உங்கப்பன் அனுப்பினானா? இப்பத்தான் மூஞ்சியக் காட்டத் தோணிச்சா அவனுக்கு?"

"அவர் வீட்டுக்கே வரலம்மா. எந்தக் கரையிலயும் யாரும் அவரைப் பாக்கல. உங்க வீட்டுக்காரர்தான் பிழைச்சாருன்னு நாங்க இத்தனை நாளா நினைச்சிருந்தோம்."

"பொய்! அவன் பிழைக்கலேன்னா என் புருஷன் சொன்ன வார்த்தை எனக்கு எப்படி வந்து சேர்ந்துச்சு?"

டெல்சா முன்னால் வந்தாள். இரவெல்லாம் அவளைத் தூங்கவிடாத கேள்வியும் அதுதான்.

"அம்மா... அதை உங்கிட்ட வந்து சொன்னது யாரு?"

"ஒரு மீனவன். மேரோ தீவுக்காரன்."

"பேரு?"

"பேரெல்லாம் யாருடி கேட்டா அந்த நேரத்துல? அந்தா... அந்தக் கேட்டுகிட்ட நின்னான். தொப்பி கையில. தோள்ல பை. காலைலயே வெயில் சுள்ளுனு அடிச்சுது. நீ என் இடுப்புல இருந்த. உன் கன்னத்தைக் கிள்ளினான்... கொஞ்ச தூரம் போனான்... அப்புறம் திரும்பிப் பாத்து, 'வெரீனா, ஆட்டை இடம் மாத்திக் கட்டு, மறந்துடாத'ன்னு..."

வெரீனா பாதியில் நின்றாள். வாய் திறந்தபடியே இருந்தது.

மேரோ மீனவன் எதற்குக் குழந்தையின் கன்னத்தைக் கிள்ளுகிறான்? எதற்கு அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான்?

"அது... அது அவருடி," என்றாள் வெரீனா. "கிளம்பின அன்னிக்குக் காலைல... அவரேதான் சொன்னாரு."

"மழைக்காலம் வந்தா நான்கூட தினமும் அதைச் சொல்லிட்டுத்தான் போறேன்," என்றார் மேளக்கார லம்பர்ட், தலையைச் சொறிந்தபடி. "ஆடு கட்டற வீட்டு ஆம்பளைங்க எல்லாரும் சொல்றதுதானே?"

கென்ரிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் வீட்டு வாசலிலும் ஒரு கேட் இருந்தது. அங்கேயும் அப்பா அதையே சொல்லிவிட்டுக் கிளம்பிய ஒரு காலைப் பொழுது இருந்திருக்கும்.

யாரும் யாருக்கும் இடம் தரவில்லை... தந்தார்களோ என்னவோ, யாருக்கும் தெரியாது. யாரும் கரை சேரவில்லை. யாரும் மரகைபோவுக்கு ஓடவில்லை. இரண்டு தீவுகள், இரண்டு விதவைகள்... தங்கள் புருஷனைப் போலவே செத்துப்போன இன்னொருவனை இத்தனை வருஷமும் உயிரோடு வைத்துத் திட்டியிருக்கிறார்கள்!

"அப்ப சாகும்போது அவர் என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் வெரீனா. குழந்தை கேட்பதுபோல் எல்லார் முகத்தையும் பார்த்துக் கேட்டாள்.

டெல்சாவுக்கு வெறி வந்தது. கென்ரிக்கின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"எதுக்கு வந்த? ஏன் வந்த நீ? நேத்து வரைக்கும் எங்கப்பா பெரிய மனுஷன்! இப்ப வெறும் தண்ணியில மூழ்கின ஆளு!"

"எனக்கும் நேத்து வரைக்கும் அப்படி ஒரு அப்பா இருந்தாரு, டெல்சா." அவன் கண் கலங்கிச் சிவந்திருந்தது. "நீ திட்டினதும் கோவத்துல வராம இருந்திருக்கலாம். ஆனா அந்தக் கல்லை நாளைக்கு மண்ணுல நட்டுட்டா அப்புறம் அதுதான் நெசம்னு ஆயிடும். எங்கப்பா பேரு காலத்துக்கும் அப்படியே நிக்கும். அதை என்னால விட முடியல."

அவள் கை தளர்ந்தது.

மன்னிப்புக் கேட்கும் பாட்டோடுதான் மேளம் தொடங்க வேண்டும். வீட்டார் மண்டியிட்டு முன்னோரிடம் பிழை பொறுக்கச் சொல்வது வழக்கம். வெரீனா மண்டியிட்டாள். பிறகு கையை நீட்டிக் கென்ரிக்கையும் இழுத்துப் பக்கத்தில் மண்டியிட வைத்தாள்.

"சிரில்... ஹார்வி..." அந்த இரண்டாவது பெயரைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. "செத்தவனைச் சபிச்சுட்டேன்பா. என்னைப் பொறுத்துக்கங்க ரெண்டு பேரும்."

முற்றத்தில் ஒரு கண்கூட உலர்ந்திருக்கவில்லை.

பாட்டு முடிந்ததும் வெரீனா இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கென்ரிக்கிடம் சொன்னாள். "தச்சன்தானே நீ? உளி வச்சிருக்கியா? அந்த 'நன்றி கெட்டவன'ச் செதுக்கி எடு. நடுவுல இருக்கற மத்த எழுத்தையும் எடுத்துடு. பேரு மட்டும் இருக்கட்டும். ரெண்டு பேரும்."

கல்லை மாமரத்தடிக்குத் தூக்கி வந்தார்கள். அவன் செதுக்கத் தொடங்கினான். சாரல் போட்டது. டெல்சா குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கல்தூள் அவன் புருவத்தில் படிந்தது. இந்த முறை அவள் விரல் தயங்கவில்லை... துடைத்துவிட்டாள்.

"நேத்து உங்கம்மாவைப் பத்தி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது," என்றாள்.

"அது நேத்தே எனக்குத் தெரியும். சொன்னதும் நாக்கைக் கடிச்சியே... பாத்தேன்."

"கென்ரிக்..."

"ம்?"

"எங்கப்பாவைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அடுத்தவங்க சொன்னது. எது நடந்தது, எது ஆசைப்பட்டுச் சேத்ததுன்னு இனிமே யாராலயும் பிரிக்க முடியாது." "ஆனா உன்னைப் பத்தி எனக்கு யாரும் கதை சொல்லல. நானே பாத்தேன். நானே பேசினேன். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. இதுக்கு நான்தான் சாட்சி."

உளி நின்றது. அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். இரண்டு நாளாக எத்தனையோ அதிர்ச்சிகளைத் தாங்கியவன்தான்... இதற்குத்தான் ஆடிப்போனான்.

"இன்னொரு தரம் சொல்லு."

"எதுக்கு? காது கேக்கலையா?"

"கேட்டுச்சு. நாளைக்கு எங்க வீட்டுலயும் உங்க வீட்டுலயும் ஆளுக்கொரு மாதிரி சொல்லுவாங்க. நான் சரியா மனசுல வாங்கிக்கணும். எனக்கும் நீதான் வேணும், டெல்சா... அதனால தப்பா ஞாபகம் வச்சுக்க எனக்குப் பயமா இருக்கு."

அவள் மீண்டும் சொன்னாள். மெல்ல, அவன் கண்ணைப் பார்த்து, ஒரு வார்த்தை மாறாமல் சொன்னாள்.