ஒரு விரல் ஆழம்

வள்ளம் ஒரு விரல் அளவு ஆழமாக நின்றது.

அதில் ஆளும் இல்லை, சாமானும் இல்லை. துடுப்பைக்கூட பிரான்சிஸ்கா எடுத்துக் கரையில் போட்டிருந்தாள். கற்பிட்டிக் களப்பில் காற்று எழும்பாத காலை நேரம், தண்ணீர் தட்டில் ஊற்றிய எண்ணெய் போல அசையாமல் கிடந்தது. அவள் முழங்கால் தண்ணீரில் குனிந்து, வள்ளத்தின் வயிற்றுப் பக்கம் வெறும் வள்ளத்துக்கென்று கீறிய கறுப்புக் கோட்டைத் தேடினாள். கோடு தண்ணீருக்குக் கீழே இருந்தது. சுட்டுவிரலைக் குறுக்கே வைத்து அளந்தாள். சரியாக ஒரு விரல்.

அவளுடைய தகப்பன் சிலாபத்தில் வள்ளம் கட்டுகிற ஓடாவி. மரச்சீவலுக்குள் வளர்ந்தவளுக்கு இந்தக் கணக்குத் தெரியும். வள்ளத்தில் ஏறுகிற ஒவ்வொரு பாரமும் தன்னளவு தண்ணீரை ஒதுக்கித் தள்ளும். தள்ளிய அளவுக்கு வள்ளம் தாழும். இந்தப் பன்னிரண்டு முழ வள்ளத்தில் ஓர் ஆள் ஏறினால் ஒரு விரல் தாழும். மேலே இன்னொரு கோடு இருந்தது, வெள்ளைக் கோடு. முழுச் சாமானோடு நாலு பேர் ஏறினால் தண்ணீர் அந்தக் கோட்டில் நிற்கும். அதற்கு மேலே போனால், நடுக்களப்பில் காற்று திரும்பும்போது அலை விளிம்பு தாண்டி உள்ளே வரும்.

ஊறின மரம் பாரமாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தாள். கொழுந்தன் யாகப்புவைக் கொண்டு வள்ளத்தைக் கரையேற்றி மூன்று நாள் வெயிலில் காயவிட்டாள். நாலாம் நாள் இறக்கினாலும் அதே ஒரு விரல். களப்பின் தண்ணீர் மாறியிருக்குமோ? ஆவணி வெயிலில் களப்பு வற்றி உப்பு ஏறியிருந்தது. உப்பு ஏறின தண்ணீர் வள்ளத்தை உயர்த்தும், தாழ்த்தாது. அடிப்பலகை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள், எங்கேயும் ஒழுக்கு இல்லை. பின்னணியத்தில், சுக்கான் பிடிக்கிறவன் இருக்கும் இடத்துக்கு இடது பக்கத்தில், ஒரு பலகை மட்டும் காயாமல் ஈரமாக இருந்தது. மூன்று நாள் வெயிலுக்குப் பிறகும்.

அந்த ஈரத்தில் தேங்காய் எண்ணெய் மணத்தது.

களப்பு நடுவில் இருக்கிற சிப்பித்திட்டில் ஆறு நாள் வாடி போட்டுத் தங்கித் தொழில் செய்வதென்று முடிவாகியிருந்தது. உலக யுத்தம் முடிந்த வருஷம். கூப்பன் அரிசி ஆளுக்கு அளந்துதான் கிடைக்கும், திட்டிலோ நல்ல தண்ணீர்க் கிணறு கிடையாது. அதனால் எல்லாவற்றையும் எண்ணித்தான் ஏற்ற வேண்டும். இரண்டு பேருக்கு ஒரு நாளைக்கு ஒரு தகரம் தண்ணீர். நாலு பேர், ஆறு நாள், பன்னிரண்டு தகரம். அரிசி, காய்ந்த மிளகாய், கிடுகு, பாய், அரிக்கன் லாம்பு. பிரான்சிஸ்கா சுவரில் கரியால் எழுதிக்கொண்டே போனாள். கலியாணமாகி எட்டு மாதத்தில் புருஷன் சவிரிமுத்துவோடு அவள் போகப்போகிற முதல் பயணம் இது. திட்டிலிருந்து இரவில் பார்த்தால் புத்தளம் பட்டணத்து விளக்குகள் வரிசையாகத் தெரியுமாம். அதைப் பார்க்க வேண்டும். அவரோடு இருந்து பார்க்க வேண்டும்.

"திட்டில அனஸ்தாசியா அக்கா கல்லடுப்பு வைச்ச இடம் இன்னும் அப்பிடியே கிடக்கு," என்றாள் டொறத்தி, யாகப்புவின் பெண்சாதி, வெங்காயம் கட்டிக்கொண்டே. "கூத்துப் பாட்டு எல்லாம் பாடுவா. அண்ணன் அப்ப எவ்வளவு சிரிப்பார் தெரியுமே."

"இப்ப சிரிக்கிறேல்லையோ?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை அக்கா."

சொல்லத் தேவையில்லை. இந்த வீட்டில் அலுமாரி சவிரிமுத்துவின் மூத்த தாரம் அனஸ்தாசியாவின் சீதனம். கதிரை அவளுடையது, வள்ளமும் அவளுடையது. பிரான்சிஸ்கா அவளுடைய சட்டியில் சமைத்து, அவளுடைய கட்டிலில் படுத்தாள். செத்தவளோடு சண்டை பிடிக்க முடியாது, முகம் வாட வைக்க முடியாது, அவள் கிழவியாவதும் இல்லை. அலுமாரியில் அவளுடைய தேங்காய் எண்ணெய்ப் போத்தல் ஒன்று இருந்தது. அதைச் சவிரிமுத்து எறிய விடவில்லை. ஒருநாள் பிரான்சிஸ்கா அதிலிருந்து தலைக்கு வைத்தாள். அன்று மட்டும் அவர் திரும்பிப் பார்த்தார். பார்த்த பிறகு, யாரென்று கண்டதும், முகம் அணைந்தது.

வெள்ளிக்கிழமை சாமான் எல்லாம் ஏற்றிப் பாரம் பார்த்தார்கள். மூன்று பேர் ஏறியதும் தண்ணீர் வெள்ளைக் கோட்டைத் தொட்டது. பிரான்சிஸ்கா ஏறினாள். கோடு மறைந்தது.

"மச்சாள், காலமை இடியப்பம் கொஞ்சம் கூடிப்போச்சுது போல," என்று யாகப்பு சிரித்தான்.

சவிரிமுத்து சிரிக்கவில்லை. "ஒராள் கரையில நிக்கவேணும்," என்றார். "பிரான்சி, நீ நில்லு."

"இஞ்சாருங்கோ, ஒரு தகரத்தைக் குறைச்சால்..."

"தண்ணியைக் குறைக்கேலாது. நில்லு எண்டால் நில்லு."

அப்போதுதான் அவள் அதைக் கண்டாள். பின்னணியத்தில் சவிரிமுத்து சுக்கானுக்கு நேரே இருக்கவில்லை. வலது பக்க விளிம்போடு நெருங்கி, தொடை இடிபட இருந்தார். அவருக்கு இடது பக்கத்தில், அந்த ஈரப் பலகையில், ஒரு பெண் இருக்கக்கூடிய அளவு இடம் வெறுமையாக இருந்தது.

அவர் அந்த இடத்தை விட்டுக்கொடுத்திருந்தார்.

பின்னேரம் அவள் யாகப்புவைப் பிடித்துக் கேட்டாள். அவன் வலை பொத்திக்கொண்டிருந்தவன், ஊசியை நிறுத்தினான்.

"திட்டுக்குப் போக வர ஒரு வழக்கம் இருக்கு மச்சாள். வெளிக்கிடேக்க வள்ளக்காரன் ஒவ்வொருத்தராப் பேர் சொல்லிக் கூப்பிடவேணும். 'வந்தேன்' எண்டு சொல்லித்தான் கால் வைக்கலாம். கூப்பிடாமல் ஒருத்தரும் ஏறக்கூடாது."

"ஏன்?"

"தண்ணியில்லாத இடமெல்லே. ஒராளைத் தவற விட்டால் மூண்டு நாள்தான் உயிர் தாங்கும். அதுக்காக." அவன் குரல் தாழ்ந்தது. "ரெண்டு வருஷத்துக்கு முந்தி அனஸ்தாசியா மச்சாள் சிப்பி பொறுக்கப் போய்ச் சுழியில போனவ. உடம்பு கிடைக்கேல்லை. மறுநாள் நாங்கள் வெளிக்கிட்டம். அண்ணன் என்ன நினைவோ, பழக்கத்தில அவவின்ர பேரையும் கூப்பிட்டிட்டார்."

"பிறகு?"

"பிறகென்ன. நான் கயிறை அவிழ்த்தன்." ஊசி திரும்ப ஓடத் தொடங்கியது. "வள்ளம் கொஞ்சம் தாழ்ந்தது. அலையாக்கும் எண்டு நினைச்சன்."

ஆக, கணக்கில் பிழை இல்லை. ஒரு ஆளுக்கு ஒரு விரல். இரண்டு வருஷமாக அந்த ஆள் இறங்கவே இல்லை.

பிரான்சிஸ்காவுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். முதலில் வந்தது பயம் இல்லை. நெஞ்சுக்குள் பழைய புண்ணில் உப்புத் தண்ணீர் பட்டது போல ஒரு எரிவு. கட்டிலையும் அலுமாரியையும் எடுத்தது போதாதென்று, அவருடைய பக்கத்து இடத்தையும் அல்லவா பிடித்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் அவர் தொழிலுக்குப் போனது தனியாக இல்லை. இவள் வீட்டில் சோறு வைத்துக் காத்திருந்தபோது, அங்கே களப்பின் நடுவில் அவர்கள் இரண்டு பேரும்.

ஏற்றுவதற்கு ஒரு வழி இருந்தால் இறக்குவதற்கும் அதே வழிதான்.

சூரியன் இறங்கி, கண்டல் மரங்களின் நிழல் தண்ணீரில் நீண்டு கறுத்து, கரையில் கிடந்த மீன் செதிலும் சேறும் சேர்ந்து மணக்கிற நேரத்தில், அவள் தனியாக வள்ளத்தடிக்குப் போனாள். கொக்குகள் அடங்கிவிட்டன. தண்ணீர்த் தகரங்கள் உள்ளே வரிசையாக இருந்தன. அவள் விரலைக் கோட்டில் வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"அனஸ்தாசியா."

வள்ளத்தைக் கட்டிய கயிறு முறுகியது.

"அனஸ்தாசியா, இறங்கு. இது என்ர இடம்."

வள்ளம் மெதுவாக இடது பக்கம் சரிந்தது. ஒருவர் எழும்பி விளிம்பில் கால் வைக்கும்போது சரிவது போல. பிறகு நிமிர்ந்தது. நிமிரும்போதே உயர்ந்தது. விரலுக்கு அடியில் மரம் மேலேறிப் போவதை அவள் உணர்ந்தாள். ஒரு விரல்.

தண்ணீர் கலங்கியது. அவளைத் தாண்டி, கரையை நோக்கி.

ஈர மணலில் ஒரு அடி பதிந்தது. பதிந்த குழியில் தண்ணீர் ஊறியது. இன்னொரு அடி. தேங்காய் எண்ணெய் மணம். சின்னக் கால்கள், பெருவிரல் கொஞ்சம் விலகியவை. அவை கரையில் நின்று திரும்பின. அவளைப் பார்த்து வந்தன. அவள் கண்ணை மூடினாள். குளிர் அவளுக்குள் புகுந்து மறுபக்கம் போனது.

கண்ணைத் திறந்தபோது அடிகள் வீட்டுப் பக்கம் போயிருந்தன.

ஒரே ஒரு வரிசைதான். பிரான்சிஸ்கா வந்த அடிகளைக் காணவில்லை.

வீட்டில் சவிரிமுத்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்று, வள்ளம் சரியாகிவிட்டது என்றாள். அவர் நிமிரவில்லை. கோபம் என்று நினைத்தாள். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு கோப்பையில் சோறு போட்டிருந்தது. சோற்றைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. அவர் மெல்லச் சிரித்தார். எட்டு மாதத்தில் அவள் கேளாத சிரிப்பு.

விடிந்தது. அவளை ஒருவரும் எழுப்பவில்லை.

ஓடினாள். சாமான் ஏறியிருந்தது. சவிரிமுத்து சுக்கானைப் பிடித்தபடி பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"யாகப்பு."

"வந்தேன்."

"டொறத்தி."

"வந்தேன்."

"நானும் வாறன்! கோட்டைப் பாருங்கோ, சரியாயிட்டுது!" பிரான்சிஸ்கா கத்தினாள். ஒரு தலையும் திரும்பவில்லை.

சவிரிமுத்து கரையைப் பார்த்தார். அவளை இல்லை. அவளுக்குப் பக்கத்தில்.

"அனஸ்தாசியா."

வள்ளம் தாழ்ந்தது. அவர் வலது பக்கம் நெருங்கி இருந்தார். டொறத்தி, என்ன செய்கிறாள் என்று தெரியாதவள் போல, காலடியில் இருந்த வெங்காயக் கட்டை ஒதுக்கி இடம் விட்டாள்.

கயிறு அவிழ்ந்தது. பிரான்சிஸ்காவின் பேரை ஒருவரும் கூப்பிடவில்லை. அவள் தண்ணீருக்குள் பாய்ந்தாள். தண்ணீர் தெறிக்கவில்லை. விளிம்பைப் பிடித்து ஏறினாள். வள்ளம் சரியவில்லை. முன்னணியத்தில், தகரங்களுக்கு நடுவில், ஒடுங்கி இருந்தாள். பின்னால் யாரோ மெல்லிய குரலில் பாடத் தொடங்கினார்கள்.

அவள் குனிந்து வெளியே பார்த்தாள்.

தண்ணீர் வெள்ளைக் கோட்டில் நின்றது. ஒரு மயிரிழை மேலும் இல்லை, கீழும் இல்லை.

இந்த வள்ளம் சாமானோடு நாலு பேரைத் தாங்கும். ஐந்தாவது ஆளும் போகலாம், அந்த ஆளுக்குப் பாரம் இல்லாவிட்டால்.