வாத்தின் கழுத்தில் ஒரு கொப்புளம்

மூன்றாவது முறையாக வாத்தின் கழுத்தில் பெயின்ட் கொப்புளித்திருந்தது.

மார்லிஸுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அமெரிக்காவின் ஒஹையோவில் அவள் தெருவில் வீட்டுக்கு வீடு வாசற்படியில் ஒரு கான்கிரீட் வாத்து நிற்கும். மழைக்காலத்தில் மழைக்கோட்டு, அக்டோபரில் ஹாலோவீனுக்குப் பூசணி வேஷம் என்று அதற்கு உடுப்பு மாறும். யாருடைய வாத்தும் இப்படி மானத்தை வாங்கியதில்லை. சுரண்டி, காயவைத்து, வெள்ளையடித்து, மழை தாங்கும் பூச்சும் இரண்டு கோட் கொடுத்தாயிற்று. இன்னும் என்னதான் செய்வது?

இந்த முறை வாத்தைக் கவிழ்த்து அடிப்பாகத்துக்கும் பூசினாள்.

"அடியில பூசாத மார்லிஸ்," கதவோரம் நின்ற கணவன் வெர்லின் சிரித்தான். "உள்ள இருக்கற ஈரம் எந்த வழியா வெளிய வரும்? இதுகூடவா தெரியாது?"

"தெரிஞ்சவன் வந்து பண்ணேன். நாலு நாளா சோபாவ விட்டு எந்திரிச்சியா நீ?"

வீம்புக்கு இன்னொரு கோட்டும் அடித்தாள்.

மறுநாள் மதியம், பூச்சின் நெடியும் ஈர சிமெண்டின் வாடையும் வாசலில் அடைத்து நிற்க, தெருக்கோடியில் யாரோ ஓட்டிக்கொண்டிருந்த புல்வெட்டும் இயந்திரமும் சட்டென்று ஓய்ந்துபோக, அதே கழுத்தில் திராட்சை அளவுக்கு ஒரே ஒரு கொப்புளத்தைப் பார்த்தாள். எரிச்சலில் கட்டைவிரலால் அமுக்கினாள். அது வழுக்கிக்கொண்டு முதுகுக்குப் போனது. துரத்தினாள். வயிற்றுக்குப் போனது. அங்கேயும் இங்கேயும் முட்டியது. வழி தேடியது.

"வெர்லின்! இதத் தொடாத. குழி வெட்டிப் புதைச்சிரலாம்."

"வெறும் ஈரம். இதுக்கா இப்படி நடுங்கற? தள்ளு."

வாத்தை மடியில் கவிழ்த்துச் சுரண்டியால் அடிப்பாகத்துப் பூச்சைக் கீறினான். சாம்பல் நிறத் தண்ணீர் அவன் உள்ளங்கையில் வழிந்தது. தரையில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

"சூடா இருக்கே," என்றான்.

அவன் மணிக்கட்டில், தோலுக்கடியில், ஒரு திராட்சை. முழங்கை. தோள்.

மார்லிஸ் பாய்ந்து இரண்டு கைகளாலும் அவன் கழுத்தை இறுக்கினாள். இதற்கு மேல் போகக் கூடாது. முப்பது வருடம் கூட இருந்தவன். இவனும் இல்லாவிட்டால் அவளுக்கு யார்?

"விட்டுராத மார்லிஸ்," அவன் குரல் கிழிந்தது.

அவள் விடவில்லை. விரல்களுக்கடியில் வழுக்கியது. தாடை. கன்னம். இடது கண்ணில் வந்து நின்றது. கண் மெல்ல மெல்ல உப்பியது. அப்போதும் அவள் இறுக்கிக்கொண்டே இருந்தாள்.